பதிமூன்று பவுனும் ஒரு முடுக்கும்

"ரெண்டு பேரும் சம்பாதிக்கீங்க டீச்சர், இன்னும் அந்த முடுக்குலயாக்கும் இருக்கீங்க? பார்வதிபுரம் பக்கம் ஒரு நல்ல வீடாப் பாத்துப் போலாம்லா?" பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் நல்ல மனதோடுதான் இதைக் கேட்டார். முடுக்கு என்றால் வீடுகளுக்கு நடுவே போகிற குறுகிய சந்து. "வாடகை குறைவு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். சொன்னது பொய்யில்லை. அப்போது மாதம் 4,500 ரூபாய்க்கு இரண்டு அறை, அடுக்களை, பின்னால் ஒரு கிணறு. பார்வதிபுரத்தில் இதே அளவு வீட்டுக்கு 10,000 கேட்டார்கள். ஆனாலும் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. வாடகை குறைவு என்று சொன்னால் அது ஏதோ தானாக அமைந்த விஷயம் மாதிரி ஆகிவிடுகிறது. எதனால் குறைவு, அந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள், இன்னும் எத்தனை காலத்துக்கு? இந்தக் கேள்விகள் மனதை விட்டுப் போகவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா இந்த முடுக்கை விட்டுப் போன பிறகு இன்னும் அதிகமாகிவிட்டன.

நாங்கள் இருப்பது நாகர்கோவிலில் கோட்டார். நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019-இல்தான். கோட்டாரோ அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வியாபார ஊர். கம்போளச் சந்தையில் விடியும் முன்னே அரிசி மூட்டை இறங்கத் தொடங்கிவிடும். டிசம்பர் 3 நெருங்கினால் சவேரியார் கோவில் திருவிழாக் கூட்டம் தெருவை நிறைக்கும். ஜங்ஷன் ரயில் நிலையம் நடந்து போகிற தூரம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடி பக்கத்திலேயே இருக்கிறது. இப்படி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் வாடகை ஏன் பாதி? என் கணக்கில் முதல் காரணம், கார் உள்ளே வராது. எங்கள் முடுக்கில் எதிரே ஒரு பைக் வந்தால் நடந்து போகிறவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே "வண்டி எங்க விடுறது?" என்பதுதான். பதில் கேட்டதும் பாதிப்பேர் உள்ளே வந்து பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். கார் வைத்திருப்பவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன இடத்தில்தான் நாங்கள் இருபது இருபத்தைந்து குடும்பம் இருக்கிறோம்.

இந்த மாவட்டத்தில் இடத்தின் அருமை வேறு எந்த ஊர்க்காரரையும் விட எங்களுக்கு அதிகம் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் இங்கேதான். வடக்கே மலையும் காடும், தெற்கே கடல், நடுவில் மிஞ்சியது குளமும் வயலும், விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டமும். அந்த வயலும் இப்போது கல் நட்டு மனையாகிக்கொண்டிருக்கிறது. மற்ற மாவட்டங்களில் பணம் போதாதவர்கள் ஊருக்கு வெளியே போய்க் குடியேறலாம். இங்கே ஒரு ஊரின் வெளி முடியும் இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடும். சென்ட் கணக்கில்தான் நிலம் விற்கிறார்கள். ஒன்றரை சென்ட், இரண்டு சென்டில் எல்லாம் வீடு நிற்கிறது. அதனால் ஊருக்கு நடுவே ஒரு முடுக்கு குறைந்த வாடகையில் இன்னும் இருப்பது சாதாரண விஷயமில்லை.

கூறு வைக்கிற ஊர்

வாடகையை விட எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பது கூறுதான். மணக்குடி, பள்ளம் என்கிற கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாமார் பெட்டியை இறக்கிவைத்துச் சாளையையும் அயிலையையும் கூறு வைப்பார்கள். ஐம்பது ரூபாய்க்கும் ஒரு கூறு உண்டு, நூறு ரூபாய்க்கும் ஒரு கூறு உண்டு. எடை போடுகிற கடையில் அரைக்கிலோவுக்குக் கீழே கேட்டால் முகம் சுளிப்பார்கள். இங்கே கையில் இருப்பதுதான் அளவு. அவியலுக்குக் காய்கூட அப்படித்தான்: முருங்கைக்காயில் ஒன்று, சேனையில் ஒரு துண்டு, நாலு கொத்தவரங்காய், வாழைக்காயில் பாதி என்று ஒரு வேளைக்குக் கட்டிக் கொடுப்பார்கள். தேங்காய் ஒரு முறி வாங்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஏற்ற வியாபாரம் இது. மாதம் ஒருமுறை மொத்தமாகச் சாமான் வாங்கினால் மலிவு என்பார்கள். அதற்கு மாதத் தொடக்கத்தில் மொத்தமாக ரூபாய் இருக்க வேண்டும். தினக்கூலி வாங்குகிறவர்களுக்கு அன்றன்றைக்கு வாங்க முடிவதுதான் மலிவு.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கூறு சின்னதாகும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு என்பதால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் வரும். ஜூன் முதல் பாதியில் இரண்டும் அடைபட்டு, வள்ளத்து மீன் மட்டும் வருகிற நாட்களில் விலை ஏறும். அப்போதும் மீன்காரம்மா வாடிக்கை வீட்டுக்கென்று ஒரு கூறு தனியே ஒதுக்கி வைத்திருப்பார். "நாளைக்குத் தந்தாப் போதும் டீச்சர்" என்பார். முடுக்கு முனையில் இருக்கிற அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு ஒன்று தொங்குகிறது. அதில் பெயர் ஏறாத வீடு எங்கள் முடுக்கில் இல்லை. சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதம், எங்கள் வீட்டுப் பால், அரிசி, மகனுடைய காய்ச்சல் மாத்திரைக்கான சில்லறை வரைக்கும் அந்த நோட்டுதான் பார்த்துக்கொண்டது. எந்த வங்கியிலும் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

காசாகக் கொடுக்காதது

இதையெல்லாம் சொல்லிவிட்டு, குறைந்த வாடகைக்குப் பதிலாக நாங்கள் கொடுப்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முக்கடல் அணையிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் கோடையில் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும். வந்துவிட்டால் இரவு இரண்டு மணியானாலும் குடத்தோடு எழுந்து நிற்பது பெண்கள்தான். மற்ற புழக்கத்துக்குக் கிணறு. மோட்டார் கெட்டால் வாளியும் கயிறும். ஓட்டு வீடு என்பதால் ஐப்பசி மழைக்கு ஒரு மூலையாவது ஒழுகும். முடுக்கோரமாகப் போகிற சாக்கடை ஓடையில் மூடி உடைந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறோம். மழை வலுத்தால் ஓடைத் தண்ணீர் பலகையைத் தூக்கிக்கொண்டு படி வரைக்கும் வந்துவிடும். அன்றைக்குப் பிள்ளைகளை வெளியே விட மாட்டோம். கொசுவைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை.

ஒரு ராத்திரி, எதிர்வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சு அடைத்தது. 108 வண்டி வந்தும் முடுக்கு முனைக்கு மேல் வர முடியவில்லை. ஸ்ட்ரெச்சரை வளைவில் திருப்பவும் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துப் பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்த நாலு பேரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கூடவே கோபமும் வருகிறது. நல்ல அயல்வாசிகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு தெருவுக்கு ஓடை மூடியும் தண்ணீரும் வேண்டாமென்று ஆகிவிடுமா? குறைந்த வாடகைப் பகுதியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே தண்ணீர் பிடிக்காதவர்கள். எங்களுக்குப் புகழ்ச்சி வேண்டாம், ஓடைக்கு மூடி போட்டால் போதும்.

ஒத்தி ரூபாய் திரும்பிய நாள்

பக்கத்து வீட்டு அக்கா தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின். முடுக்கில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு அக்காவுக்கு மனப்பாடம். 2012-இல் அக்கா இந்த வீட்டை 3 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு எடுத்தார். மற்ற ஊர்களில் போக்கியம், லீஸ் என்கிறார்களே, அதுதான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்ப வரும். அந்த 3 லட்சம் அக்கா கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நகையை விற்றது. பவுன் 23,000 ரூபாய் பக்கம் விற்ற காலம். பதிமூன்று பவுன் போனது.

வீட்டுக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று நான் முன்பெல்லாம் யோசித்ததுண்டு. அவருக்கு அப்போது மகனை வளைகுடாவுக்கு அனுப்ப ரூபாய் தேவைப்பட்டது. பாகம் பிரியாத வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்காது. வெளியே இரண்டு வட்டிக்கு வாங்கினால் 3 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒத்திக்குக் கொடுத்தால் மாதம் மூவாயிரத்தைத் தொடாத வாடகைதான் நஷ்டம். அவருக்கு அது மலிவான கடன், அக்காவுக்கு அது வாடகை இல்லாத வீடு. வங்கி கதவைத் திறக்காத இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட ஏற்பாடு. எங்கள் முடுக்கில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது. வாடகை குறைவு என்று நான் சொன்ன பதிலுக்கு அடியில் இருப்பது இதுதான்.

2023-இல் வீட்டுக்காரரின் மகன் திரும்பி வந்தார். பாகமும் பிரிந்தது. பழைய வீட்டை இடித்து மாடியோடு கட்டுவதாக முடிவு செய்தார்கள். ஆறு மாதம் முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன தேதியில் வீட்டுக்காரர் ரூபாயோடு வந்தார். எழுத்து வாசிக்கத் தெரிந்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா மிஷின் மேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு இடம் செய்து கொடுத்தார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஆறு. ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, எச்சில் தொடாமல், தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை நனைத்து அக்கா எண்ணினார். மூன்று லட்சம் சரியாக இருந்தது. பழைய ஒத்திச் சீட்டின் பின்பக்கம் "ரூபாய் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று நான் எழுதிக் கொடுக்க, அக்கா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் கும்பிட்டார். "பதினோரு வருசம் ஒரு சொல்லு வராம இருந்தாச்சு, சந்தோசம்" என்றார். அக்காவும் கும்பிட்டார். அவர் போன பிறகு கட்டுகளை முந்தானையில் பொதிந்துகொண்டே அக்கா கேட்டார்: "இப்பம் இதுக்கு எத்தன பவுன் வரும் டீச்சர்?"

பவுன் அன்றைக்கு 44,000 தாண்டியிருந்தது. ஏழுகூட வராது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார்மேலும் குற்றமில்லை. வீட்டுக்காரர் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை, ஒரு நாள் தவணை சொல்லவில்லை. இந்த ஊரில் ஒத்தி ரூபாய் திரும்பி வராமல் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் எத்தனையோ பேர். பதிமூன்றைக் கொடுத்தவர் கையில் ஏழு தேறவில்லை, ஆனால் பத்திரத்தில் எல்லாம் சரி. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 3,000 என்று வைத்தாலும் பதினோரு வருடத்துக்கு அக்காவுக்கு மிச்சமான வாடகை 3,96,000 ரூபாய். பதிமூன்று பவுனின் அன்றைய விலையில் கைக்கு வந்த 3 லட்சம் போக, நகையில் போனது 2,72,000. ஆக அக்காவுக்கு லாபம் என்றே கணக்கு சொல்கிறது. அந்த மிச்சம் எங்கே போனது என்றும் எனக்குத் தெரியும்: மகளை நர்சிங் படிக்கவைத்ததில் போனது. வாடகை கட்டியிருந்தால் அந்தப் படிப்பு நடந்திருக்காது. இந்த முடுக்கு அக்காவுக்கு அதைக் கொடுத்தது உண்மை.

ஆனால் கணக்கில் வராத ஒன்று மறுநாளே தெரிந்தது. அதே முடுக்கில் காலியாக இருந்த இன்னொரு வீட்டுக்கு ஒத்தி 6 லட்சம் கேட்டார்கள். 3 லட்சத்துக்கு வீடு தேடிப் போனால் பறக்கை ஊரைத் தாண்டித்தான் கிடைத்தது. அங்கே யாருடைய ஜாக்கெட் அளவும் அக்காவுக்குத் தெரியாது, பற்று நோட்டில் பெயர் இல்லை. மாதாமாதம் சுமையைக் குறைத்த இடம், பதினோரு வருடம் கழித்தும், இன்னொரு பதினோரு வருடம் இருக்கலாம் என்ற உறுதியைக் கொடுக்கவில்லை. அரசின் வீட்டுத் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்துப் பார்த்த மானியம் சொந்த மனையில் கட்டுகிறவர்களுக்கானது. மனை இல்லாதவரிடம் மனைப் பத்திரம் கேட்டால் எங்கே போவது? எங்களைப் போலக் குடியிருப்பவர்களுக்கு, இருக்கும் இடத்திலேயே தொடர்ந்து இருக்க வழிசெய்கிற திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

அக்கா பறக்கைக்கு அப்பால் போய்விட்டார். தையல் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரத் தாத்தா (பாட்டா என்றுதான் கூப்பிடுவோம்), தெருவைப் பார்த்த தன் சாய்ப்பு அறையை, அதாவது சுவரை ஒட்டிச் சாய்வாகக் கூரை இறக்கிய அறையை, மாதம் 1,000 ரூபாய்க்குக் கொடுத்தார். மிஷின் அங்கே வந்தது. தினமும் காலையில் அக்கா டவுன் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் திரும்பிப் போகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் மினி பஸ்ஸை விட்டால் உள்ளூர் பஸ்ஸெல்லாம் அரசு பஸ்தான் என்பதால் அந்தச் சலுகை இங்கே உண்மையிலேயே வீட்டு வாசல் வரை வருகிறது. அது இல்லாவிட்டால் போகவர ஆகும் செலவிலேயே சாய்ப்பு வாடகைக்குச் சமமான தொகை போயிருக்கும், அக்கா தொழிலை விட்டிருப்பார். இலவச பஸ்ஸைக் குறை சொல்கிறவர்களிடம் இப்போது நான் சும்மா இருப்பதில்லை.

பாட்டாவும் பத்திரமும்

இடித்த இடத்தில் கட்டிய புது மாடி வீட்டில் ஒரு போர்ஷனுக்கு 9,000 ரூபாய் வாடகை. முடுக்கு அதே முடுக்குதான், ஓடையும் அதேதான். கார் இப்போதும் நுழையாது. பைக் போதும் என்கிற சின்னக் குடும்பங்கள் ரயில் நிலையம் பக்கம் என்று சொல்லி வந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல மனிதர்கள். ஆனால் ஒவ்வொரு வீடாக இப்படி மாறினால் கூறு வாங்குகிற வீடுகள் குறையும், மீன்காரம்மா பெட்டியை இறக்க மாட்டார், பற்று நோட்டு மெலியும். அதெல்லாம் போன பிறகு 4,500 ரூபாய் வாடகைகூட எங்களுக்குக் கட்டுபடியாகாது.

நாங்கள் பாட்டாவிடம் வருடாவருடம் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதுவதுதான் வழக்கம். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லாரும் பதினோரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டத்தில் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும். எங்கள் பக்கம் அதைப் பேசுவாரே இல்லை. இந்த முறை மூன்று வருடத்துக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாமா என்று பாட்டாவிடம் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "நா இருக்கது வரைக்கும் உன்ன யாரு மக்ளே எறக்கிவிடுவா?" என்றார். "நீங்க இருக்கது வரைக்கும் பயமில்ல பாட்டா. உங்களுக்க பிள்ளைகளுக்கு என்னத் தெரியாதுல்லா?" என்றேன். அவருடைய மகன்கள் வெளியூரில். வீட்டை விற்றுவிடச் சொல்லி ஃபோன் வருவது எனக்கும் தெரியும். ஒரு வாரம் யோசித்தார். வாடகையை 5,000 ஆக்கினால் சரி என்றார். நானும் சரி என்றேன். பதிவுச் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். பாட்டா மூத்த மகனிடம் ஃபோனில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இது தெரிந்ததும் முடுக்கில் ஒத்திக்கு இருப்பவர்கள் தங்கள் சீட்டைக் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டதோடு சரி. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்த மாதிரி அடமானம் பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, பதிவுக்கு ஆயிரக்கணக்கில் போகுமே என்று விட்டுவிடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை. இருந்தாலும் வீடு யார் பெயரில் இருக்கிறது, பாகம் பிரிந்ததா, வில்லங்கச் சான்று எடுத்தார்களா, வேறு எங்காவது அடமானம் இருக்கிறதா என்று கேட்கத் தெரியும். பாதிப்பேர் வில்லங்கச் சான்று பார்த்ததே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சாய்ப்பு அறையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்க்க எதிர்வீட்டுப் பையன் லேப்டாப்போடு வருகிறான். ஓடை மூடிக்கான மனுவுக்கும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.